மாமா கழுத்தில் மூன்று புரதங்கள்

திங்கள், 4 ஆகஸ்ட் 1986

புழுக்கம். மேகம் ஆம்பூர் மேல் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுக் காட்பாடிப் பக்கம் போய்விட்டது. ரயில் பிடிக்கப் போல.

பள்ளிக் கண்காட்சிக்கு எனக்கும் நஸ்ரினுக்கும் கிடைத்த தலைப்பு: கிருமிகளின் விஷம். "செல்விக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார் டீச்சர், என்னைப் பார்த்து. வகுப்பே சிரிப்பு. நானும்தான்.

நஸ்ரினின் அண்ணன் வேலூர்க் கல்லூரியிலிருந்து இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்தார். அகராதியோடு ஐந்து பக்கம். டிப்தீரியா விஷம் சிக்கனக்காரன்: ஒரே புரதம், அதில் இரண்டு பகுதி. ஒன்று பிடிக்க, ஒன்று கெடுக்க. ஆந்த்ராக்ஸ் கூட்டுக் களவாணி: மூன்று தனிப் புரதங்கள். பெயர் வைத்துவிட்டேன். ஒட்டி, வீங்கி, கொல்லி.

ஒட்டி தனியாக வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. வீங்கியும் கொல்லியும் ஒட்டி இல்லாமல் வெளியே நின்று கதவைப் பார்க்க வேண்டியதுதான். ஒட்டி போய் உயிரணுவின் மேல் பிடித்துக்கொண்டால் மற்றதுகள் அதன்மேல் தொற்றிக்கொண்டு உள்ளே. வீங்கி நீர் கோக்க வைக்கும். கொல்லி கொல்லும். எப்படி? புத்தகமே கையை விரிக்கிறது.

நஸ்ரின் (இனி ந.) அப்பாவின் ஷூ பட்டறையில் வெட்டுத் தோல் ஒரு பை. ஒட்டிக்குச் சிவப்புத் தோல். ஒன்றோடொன்று கோக்க டிச் பட்டன்.

மாமா (அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறார்) சாப்பிடும்போது கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தார். காலர் ஓரம் ஒரு கொப்புளம்.

செவ்வாய்

ஆந்த்ராக்ஸ் பாடத்தில் ஒரு படம். முதலில் கொசுக்கடி போல அரிப்பு. பிறகு நீர்க்கொப்புளம். பிறகு நடுவில் கரி போலக் கறுப்பு, சுற்றிலும் வீக்கம். வலி இருக்காது. தோல், கம்பளி வேலைக்காரர்களுக்கு வரும்.

மாமா மண்டியில் காய்ந்த தோல் கட்டு சுமக்கிறார். இடது தோளில். கொப்புளமும் இடது பக்கம். விளக்கு பிடித்துப் பார்த்தேன். நடுவில் கறுப்பு.

"வலிக்குதா மாமா?"

"துளிகூட இல்ல. ஆறுது."

"வலிக்கலன்னாதான் பேஜார். இது அடைப்பான். புத்தகத்துல ஆந்த்ராக்ஸ்னு போட்டிருக்கு."

"அடைப்பான் மாட்டுக்கு வர்றது. நான் இன்னா மாடா?"

"இல்ல. ஆனா மாட்டத்தான தூக்குறீங்க."

தலையில் ஒரு குட்டு. அம்மா சொல்லிவிட்டாள், இது அக்கி. பானைக்காரத் தாத்தாவிடம் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை காவி குழைத்து எழுதுவார். எழுதினால் மூன்று நாள் தண்ணி படக் கூடாது, ஊசி கூடாது. மருந்து பட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடுமாம்.

மாமாவும் லீவு போட மாட்டார். லோடு வருகிற வாரம். போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

நான் சொல்லி யார் கேட்பார்கள்? சொல்லக் கூடாது. செய்ய வேண்டும்.

புதன்

செய்தாயிற்று.

1. மாமா குளிக்கப் போன நேரம் ந. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் பூட்டினாள்.
2. சாவி டாக்டரம்மா மேசையில். காரணத்தையும் சொல்லிவிட்டாள்.
3. நான் வீட்டில், நல்ல பிள்ளையாக.

"எங்கடி சைக்கிள்?"

"ஆஸ்பத்திரில. சாவி டாக்டரம்மாகிட்ட."

வழியெல்லாம் திட்டு. நான் நாலடி பின்னால். பக்கத்தில் நடக்கிற அளவுக்கு முட்டாள் இல்லை.

உள்ளே போனவர் சாவியைக் கேட்பதற்குள் டாக்டரம்மா கழுத்தைப் பார்த்துவிட்டார். எழுந்தே விட்டார். "மண்டியில வேலையா? எத்தன நாளா இருக்கு?" நீர் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப். வரிசையாகக் குச்சி குச்சியாகக் கிருமி. பென்சிலின். காலை ஒன்று, மாலை ஒன்று, ஒரு வாரம். கிள்ளக் கூடாது, கீறக் கூடாது, கட்டுத் துணியை எரிக்க வேண்டும், வேலைக்குப் போகக் கூடாது.

வெளியே வந்து மாமா: "இதுக்கு ஒரு நாள் உனக்கு இருக்குடி."

இருக்கட்டும். மாமாவும் இருக்கட்டும்.

வியாழன்

மோசம். வீக்கம் தாடையைத் தாண்டிக் கண்ணுக்கடி வரை. இடது காதுமடல் நிமிர்ந்து நிற்கிறது. வேறு நாளாக இருந்தால் நாற்பது பட்டப்பெயர் வைத்திருப்பேன். ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா அழுகை. "சும்மா இருந்த கட்டி. ஊசி போட்டதுல ஜாஸ்தியாயிடுச்சு. இனி ஆஸ்பத்திரி பக்கம் போகக் கூடாது. நாளைக்கு அக்கி எழுதினா சரியாயிடும்." மாமாவும் தலையாட்டிவிட்டார்.

எனக்கும் பயம். என்னால்தானோ? புத்தகத்தை மறுபடி பிரித்தேன். பென்சிலின் கிருமியைக் கொல்லும். விஷத்தை ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே உள்ளே போன வீங்கி, தாய்க்கிருமி செத்தது தெரியாமல் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். அப்படித்தானே? ஓடினேன். டாக்டரம்மா ஊசி கொதிக்கவைத்துக்கொண்டே: "அதேதான். ரெண்டு மூணு நாள் வீங்கும். மூச்சுத் திணறுனா உடனே தூக்கிட்டு வாங்க. ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க."

வீட்டுக்கு வந்து தோல் பொம்மைகளைத் தரையில் பரப்பினேன். ஒட்டி, வீங்கி, கொல்லி. பட்டனைப் போட்டேன், கழற்றினேன், போட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "விளையாட்டுக்கு இதா நேரம்?"

பொம்மையைத் தள்ளிவிட்டு மாமாவிடம் நேராகக் கேட்டேன். "பொங்கலுக்கு உங்க சட்டையில பூனைக்காலிப் பொடி போட்டேனே. ஞாபகம் இருக்கா?"

"மறக்குமாடி அது?"

"என்னப் புடிச்சு அடிச்சீங்க. அடிச்சதும் அரிப்பு நின்னுச்சா?"

மாமா கழுத்தைத் தடவப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"ராத்திரி வரைக்கும் அரிச்சுதில்ல? அடி பொடி போட்ட கைக்கு. போட்ட பொடிக்கு இல்ல. ஊசி அந்தக் கைய ஒடிக்குது மாமா. நிறுத்தினா கை மறுபடி பொடி போடும்."

என் பக்கம் திரும்பினார். வீக்கத்தில் ஒரு கண் பாதிதான் திறந்திருந்தது.

"இது உன் விளையாட்டு இல்லியே?"

"இல்ல மாமா."

அம்மாவைப் பார்த்தார். "அஞ்சு மணி ஊசிக்கு நேரமாச்சுக்கா. சட்டைய எடு."

வெள்ளி

பானைக்காரத் தாத்தா காவிக் கிண்ணத்தோடு வந்தார். அம்மா வாசலிலேயே நின்று என்ன சொல்வதென்று தெரியாமல் முந்தானையைத் திருகினாள். தாத்தா உள்ளே எட்டிப் பார்த்தார். "இது அக்கி கணக்கா இல்லியேம்மா. அக்கின்னா எரியும், துணி பட்டாலே துள்ளுவான்." காபி குடித்துவிட்டுப் போனார். நான் அவருக்கு இரண்டு தரம் சர்க்கரை போட்டேன்.

வீக்கம் அப்படியே. கூடவில்லை.

ஊசி இரண்டும் போட்டாயிற்று. மூச்சு சரி. தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். குறட்டை. இவ்வளவு நல்ல குறட்டையை இதுவரை திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞாயிறு

தாடை தெரிகிறது! காதுக்குக் கீழே தோல் தளர்ந்து சுருக்கம் சுருக்கமாக. வீங்கி காலி. கறுப்பு மட்டும் அப்படியே, காசு அளவு. அது உதிர வாரக்கணக்கு ஆகுமாம். கொல்லி செய்ததற்கு அவ்வளவு நாள்.

அம்மா என் தட்டில் கேட்காமலே இன்னொரு தோசை வைத்தாள். வாய் கொள்ளாமல் தின்றேன்.

செவ்வாய், 12 ஆகஸ்ட்

நல்ல மழை, பள்ளி லீவு. இன்று சாயங்காலத்தோடு ஊசி முடிகிறது. மண்டிக்குப் போகக் கூடாது என்று சொல்லியும் மாமா "சும்மா பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பிப் போனார். திட்டிக்கொண்டே கண்காட்சி அட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

மதியம் வாசலில் சைக்கிள் மணி. மாமா முழுக்க நனைந்து. கேரியரில் அவரோடு கட்டு தூக்கும் ஏழுமலை, முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, கையில் நடுவே கறுத்த ஒரு கொப்புளத்தோடு, வெட்கத்தோடு.

"இவனுக்கும் வலிக்கலயாம்" என்றார் மாமா. "நான் சொன்னா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்றான். செருப்பப் போடுடி."

போட்டுக்கொண்டேன்.