நடுக்கண் அகலமான பாலம்

கள்ளக்குறிச்சி
3.8.1987

டேய் அன்பு,

நலம்தானே? கல்வராயன் மலை ஓடைப் பாலத்துக்கு நான் கையால் போட்ட படம் இத்துடன். தண்ணீர் போகும் மூன்று கண்ணில் நடுக்கண்ணை அகலமாக விட்டிருக்கிறேன். வெள்ளத்தில் மூங்கில் புதராக வந்து அடைத்துக்கொள்ளும். விடுதியில் செய்தது போல என் கோட்டின் மேலேயே உன் கோட்டைப் போடு. பக்கம் பக்கமாக எழுதாதே, உன் பென்சில் சொன்னால் எனக்குப் புரியும். வழக்கம்போல் படத்தில் பெயர் எழுதவில்லை. உங்கள் சென்னை ஆபீசில் ஒப்புதலுக்குப் போடும் சுத்தப் படத்தில் என் பெயரைப் போட்டுவிடு. இங்கே ஆபீசில் நான் 'கோட்டா இன்ஜினியர்'. ஒரே ஒரு படம் என் பெயரில் தேறினால் போதும்டா.

உன்,
கவி

சென்னை
29.8.1987

அன்புள்ள கவி,

மேலே நாலு கோடு போட்டேன், வேறு குறையே இல்லை. சுத்தப் படம் தயாராகிறது. கவலையை விடு. வடக்கனந்தல் பக்கம் போனால் அப்பாவைப் பார்த்துவிட்டு வா.

அன்பு

கள்ளக்குறிச்சி
14.9.1987

டேய் அன்பு,

ஒப்புதலான படம் வந்தது. எல்லாம் நான் போட்டபடியே. வடிவமைத்தவர் என்ற இடத்தில் மட்டும் உன் பெயர். யாரோ தவறாக எழுதிவிட்டார்கள், திருத்தி அனுப்பு. உன் அப்பாவைப் பார்த்தேன். "எம் புள்ள நம்ம மலைக்கே பாலம் போட்டுக்கிறான், தெரியுமா?" என்றார். வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்தேன்.

கவி

சென்னை
2.10.1987

அன்புள்ள கவி,

இட ஒதுக்கீட்டு மறியலில் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டதில் உன் கடிதம் தாமதம். யாரும் தவறாக எழுதவில்லை, நான்தான் போடச் சொன்னேன். கோட்டாவில் வந்த உன் பெயரைப் பார்த்தால் மேலே இருப்பவர் படத்தையே பிரிக்கமாட்டார். பாலம் வரட்டும் என்றுதான் செய்தேன். உனக்கு நல்லதுதானே? மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்பு

கள்ளக்குறிச்சி
20.10.1987

திரு. அன்புச்செல்வன் அவர்களுக்கு,

பெரிய இன்ஜினியர் மலைக்கு வந்திருந்தார். "இன்னாய்யா, அவரு மெட்ராஸ்ல குந்திக்கினே மூங்கில் வர்றத கண்டுபுட்சிக்கிறாரு. நீ இங்கியே கீற. கத்துக்கோ" என்றார். கத்துக்கிறேன் சார் என்றேன்.

ஆபீசில் யார் என்ன சொன்னாலும் தட்டிவிட்டு வந்தேன், நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில். நீங்களோ என் பெயருக்காக ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. இனி சந்தேகம் இருந்தால் அலுவலக வழியாகக் கேட்கிறேன்.

பாலம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நாளை வெள்ளத்தில் ஏதாவது பிசகினால், அன்றைக்கு என் பெயரை எழுத யாரும் யோசிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
கவியரசன்
இளநிலைப் பொறியாளர்