மூன்று கலத்தில் எடுத்த வெளிச்சம்

என் ஆசைத் தம்பி குலம்,

உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் நானும் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். உன் மனைவி வசந்தி தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்தாள். "கண்மண் தெரியாமல் வந்த லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் எங்கடை ஆளைக் கொண்டுபோட்டுது எண்டு எழுதுங்கோ மச்சாள்" என்றாள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. எனக்கு வருவது கோபம். அதில் முதற்கோபம் உன்மேல்.

கனடாவிலிருந்து உன் மகன் அனுப்பிய மின்சார ஒற்றைச் சில்லு இப்போது என் வீட்டு மேசையில் கழற்றியபடி கிடக்கிறது. ஒரே சக்கரம்தான்; இருக்கையும் இல்லை, பிடியும் இல்லை. இரண்டு பக்கமும் பாதம் வைத்து நின்று முன்னுக்குச் சாய்ந்தால் ஓடும். விழாமல் நிமிர்த்திப் பிடிப்பது பற்றரியும் மோட்டாரும்தான். அறுபத்திரண்டு வயதில் உரும்பிராயிலிருந்து சுன்னாகத்து ரேடியோக் கடைக்கு நீ அதில் போய்வந்தாய். ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன்.

"மாரி மழைக்கு வேளைக்கே இருட்டிவிடுது, ஆட்களுக்கு நான் தெரியவேணும்" என்று சில்லுக்கு விளக்குப் பூட்டத் தொடங்கினாய். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சில்லின் வயிற்றைச் சுற்றி நீலப்பட்டி, திரும்புவதற்கு மஞ்சள் சிமிட்டி. முதல் நாள் ஒழுங்கையால் வந்தபோது முன்வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன குலமண்ணை, சுவாமி வெளிவீதி சுத்துதோ?" நீ நிற்காமலே சொன்னாய்: "ஓம், நீ தேங்காயை உடை."

சில்லின் பற்றரி எண்பத்து நான்கு வோல்ற். உன் விளக்குகளுக்குப் பன்னிரண்டு போதும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து அனுப்பச் சொல்லியிருந்தாய். அது வரும்வரை பொறுக்க உனக்கு ஏலாமல் போனது. பற்றரியைத் திறந்து, தொடராக இருந்த இருபது கலக் கூட்டுகளில் மூன்றிலிருந்து மட்டும் இரண்டு வயரை இழுத்தாய். நான் பக்கத்தில் நின்றேன். வயரைப் பிடித்துத் தந்ததும் நான்தான்.

"உதென்னடா, மூண்டிலை மட்டும் எடுக்கிறாய்?"

"சண்டைக்குள்ளை கரண்ட் இல்லாத தடைக்காலத்திலை கார் பற்றரியின்ரை நடுவிலை ஆணி அடிச்சு, ஆறு வோல்ற் எடுத்து ரேடியோ கேட்டனாங்களோ இல்லையோ?"

"கேட்டனாங்கள்."

"பிறகென்ன அக்கா. சாமான் வருமட்டும் உது காணும்."

அந்தக் கார் பற்றரி செத்தால் செய்திதான் நிற்கும். இது உன்னைச் சுமந்த பற்றரி. அது உனக்கு விளங்கவில்லையா, ரேடியோக் கடைக்காரா?

வகுப்பில் என்றால் இப்படிச் சொல்லியிருப்பேன். இருபது பிள்ளைகள் வரிசையில் நின்று கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கைமாற்றுகிறார்கள். அதில் மூன்று பேரிடம் மட்டும், இடைக்கிடை பூக்கன்றுக்கும் ஊற்றுங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும்? அந்த மூன்றும் களைத்து விழும் நாளில் மற்றப் பதினேழும் வாளியோடு சும்மா நிற்க வேண்டியதுதான். உனக்கு நான் அதைச் சொல்லவில்லை. பிழையைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது என் பழக்கம். பொறுமையான ரீச்சர் என்று பெயர் வாங்கியவள் அல்லவா. அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு மாதம் ஓடினாய். அன்று பின்னேரம் கடை பூட்டித் திரும்பும்போது, வெங்காயம் ஏற்றிவந்த லாண்ட்மாஸ்டரின் முன்னால் விழுந்தாய். ஓட்டிவந்த செல்வராசா இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். "இவ்வளவு லைட் போட்டுக்கொண்டு வந்த மனுசனை எப்பிடித் தெரியாமல் போகும்?" என்று கேட்காத ஆள் இல்லை. உன் விளக்குகளே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டன. சில்லைப் படம் எடுத்த பொலிசார் அதைத் திறந்தும் பார்க்காமல் வீட்டில் தந்துவிட்டார்கள்.

போன கிழமை அவன் மனைவி உன் வீட்டு வாசற் படலையடிக்கு வந்தாள். "ரீச்சர், அவர் கரைக்கு ஒதுக்கினவர். உங்கடை தம்பி நேராத்தான் வந்தவர், சடாரெண்டு முகங்குப்புற விழுந்திட்டாராம். பிறேக் பிடிக்க நேரமில்லையாம்."

"என்ரை தாலியை அறுத்துப்போட்டுக் கதை சொல்ல வந்தனியோ?" என்று வசந்தி கத்தினாள். "போ வெளியாலை."

அவள் போகவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அவ்வளவு லைட் வைச்சவர் ஏன் ரீச்சர் விழுந்தவர்?"

அப்போதுதான் அந்த இரண்டு வயரும் என் நினைவுக்கு வந்தன. மறுநாள் வோல்ற் அளக்கிற மீற்றர் எடுக்க உன் கடையைத் திறந்தேன். மேசைக்குக் கீழே ஒரு பார்சல். அந்தக் குறைக்கும் பெட்டிதான். நீ விழுவதற்கு இரண்டு கிழமை முன்பே வந்திருக்கிறது. ஒட்டுநாடாவைக்கூட நீ பிரிக்கவில்லை. ஏனடா? எரிகிற விளக்கைப் பார்த்து, இது காணும், இனி அது தேவையில்லை என்று நினைத்தாயா?

வீட்டுக்கு வந்து பற்றரியின் ஒவ்வொரு கலக் கூட்டாக அளந்தேன். பதினேழு நல்லாய் இருந்தன. மூன்று வற்றிப்போயிருந்தன. அவை வற்றியதும் பாதுகாப்புச் சுற்று மோட்டாரை ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறது. நிமிர்த்திப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் நீ முன்னுக்கு விழுந்திருக்கிறாய். நீ கிடந்தபோதும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்ததாம்.

நேற்று வசந்திக்குச் சொன்னேன். "செத்த மனுசனைக் குற்றவாளியாக்கப் போறியளோ? அனுப்பின பிள்ளை சாகுமட்டும் அழுவான்" என்றாள். "அவன் அனுப்பின சில்லிலை பிழையில்லை. நாங்கள் பூட்டின வயரிலைதான் பிழை" என்றேன்.  இந்தப் பக்கத்தை மலரில் போட மாட்டேன் என்றாள். போடாவிட்டால் நானே படி எடுத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுப்பேன்.

திங்கட்கிழமை செல்வராசாவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அவனுடைய சட்டத்தரணியிடம் பேசிவிட்டேன். அந்த இரண்டு வயரையும் அறுக்காமல், பற்றரியை அப்படியே கொண்டுபோவேன். வயரைப் பூட்டியவர் யார் என்று கேட்டால் என் தம்பி என்பேன். பக்கத்தில் நின்றது யார் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். அதையும் சொல்லிவிட்டுத்தான் சாட்சிக் கூண்டைவிட்டு இறங்குவேன்.

உன்மேல் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்த அக்கா