சரோஜாவின் காதுக்கு ஒரு பட்டன் பேட்டரி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ‘டிரான்சிஸ்டர்’ என்று முதல்முறையாக எழுதினேன். நாலு தடவை அழித்து எழுதினேன். ஐம்பது வருடம் கையில் பிடித்த பொருள். எழுத்தில் இவ்வளவு நீளம் என்று தெரியாது.

இந்த வயதில் எழுத்துப் படித்தது என் மனைவி சரோஜாவுக்காக. போன வருடம் அவளுக்குக் காது மந்தமானது. கத்திப் பேசினேன். கோபம் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது சீட்டில் எழுதிக் காட்டுகிறேன். சிரித்துக்கொண்டே பிழை திருத்துகிறாள். மருத்துவமனையில் கொடுத்த காதுக் கருவி டிராயரில் கிடக்கிறது. “எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து இடிக்குதுங்க” என்றாள்.

அதனால் நானே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்கிறேன். தீப்பெட்டி அளவு. ஒரே பட்டன் பேட்டரி, ஒன்றரை வோல்ட். குரல் மட்டும் போக வேண்டும். மின்விசிறி இரைச்சல் வேண்டாம்.

நவ. 5, புதன்

தேக்கா சந்தைக்குப் போனேன். வாங்கியவை: மைக் 1, டிரான்சிஸ்டர் 2, ரெசிஸ்டர் கொஞ்சம், முருங்கைக்காய்.

கடைக்காரர் காதர்: “ஒன்றரை வோல்ட்ல என்ன ஓடும் அங்கிள்? எறும்பா லா?”

ஓடும். டிரான்சிஸ்டர் கண் விழிக்கவே அரை வோல்ட்டுக்கு மேல் கேட்கும். மீதியில்தான் குரல் ஏறி இறங்க வேண்டும். ஓரறை வீட்டில் குடும்பம் நடத்துவது மாதிரி. நாங்கள் நடத்தியிருக்கிறோம். அப்போது இருவருக்கும் ரேடியோ தொழிற்சாலையில் வேலை. அவள் பாகங்களை ஈயம் வைத்து ஒட்டும் வரிசையில். நான் கடைசி மேசையில், ஒவ்வொரு ரேடியோவாகப் பாட வைத்துக் கேட்பவன். அவள் கை பட்டது எது என்று திறந்ததும் தெரியும். ஈயப்பொட்டு ஒவ்வொன்றும் மிளகு மாதிரி உருண்டையாக, பளபளவென்று.

நவ. 7, வெள்ளி

நேற்று செய்து முடித்து அவள் காதில் மாட்டினேன். கேட்டது. “பேசுங்க, பேசுங்க” என்றாள். தேக்காவில் வாங்கியதை வரிசையாகச் சொன்னேன்.

இன்று காலை பேட்டரி செத்துவிட்டது. பத்து நாள் வர வேண்டியது. புதிது போட்டேன். மாலையிலேயே இறங்க ஆரம்பித்தது. காரணம் பிடிபடவில்லை.

சரோஜா: “விடுங்க. சீட்டே போதும்.”

எனக்குப் போதாது.

நவ. 8, சனி

வெயில். கூப்பிடாமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சர்க்யூட்டைக் கையில் வாங்கி, ஒரு ரெசிஸ்டரைத் தொட்டாள். “இது என்ன?”

அதன் அளவைச் சொல்லும் நிறக்கோடுகள்: பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. எழுதிக் காட்டினேன்.

“ஆரஞ்சா? சிவப்புங்க இது. கண்ணுல புரைய வெச்சுக்கிட்டு என் காதைப் பத்திப் பேசுறீங்க.”

பத்தாயிரம் ஓம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம். பத்து மடங்கு கரண்ட் குடித்திருக்கிறது. எழுத்துத் தெரியாத காலத்திலும் நிறக்கோடுகளைப் படித்தவன் நான். அதில் தவறமாட்டேன் என்று இருந்தேன்.

சரியானதை அவளே எடுத்து ஈயம் வைத்தாள். பொட்டு இன்னும் மிளகுதான். புதுப் பேட்டரி போட்டேன். கரண்ட் குறைந்ததில் சத்தமும் சற்றுக் குறைந்தது. அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நவ. 12, புதன்

பேட்டரிக்கு ஐந்தாம் நாள். மீட்டரில் 1.3. அதை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் சொன்னேன், “சரோ, காப்பி.”

திரும்பவில்லை. எழுதச் சீட்டை எடுப்பதற்குள்:

“நேத்தும் நான்தான் போட்டேன். இன்னைக்கு உங்க முறை.”

துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. போய்ப் போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது.