நூற்று நாற்பதாவது அடி

நாட்றம்பள்ளி
9.4.1997

அன்புத் தோஸ்த் பாஷாவுக்கு,

அம்மாவின் மூட்டுவலி கம்மியா? ஆம்பூருக்குப் போனதும் என்னை மறந்தேவிட்டாய்.

நான் காவல் பார்க்கும் காப்புக்காட்டின் மலையடியில் ஒரு சுண்ணாம்பு ஊற்று உண்டு. அந்தத் தண்ணீர் விடாமல் பட்டால் இலையும் வேரும் வெள்ளைக் கல்லாகிவிடும். கோடையில் மான்களுக்கு அதுதான் தண்ணீர். இந்த வருஷம் சொட்டாகிவிட்டது. காட்டெல்லைக்கு வெளியே தனபால் நிலத்தில், தை மாதம் நீ ரிக் வண்டி கொண்டுவந்து போட்ட போர்வெல்லிலிருந்து தோல் கம்பெனிக்கு டேங்கர் டேங்கராகத் தண்ணீர் போகிறது. கேட்டால், "காட்டுத் தண்ணி வேற, என் தண்ணி வேற. போய்ட்டு வா சார்" என்கிறார்.

எத்தனை அடியில் தண்ணீர் வந்தது? எப்படி வந்தது? எழுது.

உன்
சீனிவாசன்


ஆம்பூர்
17.4.1997

சீனு,

என் தங்கை அன்வரியின் நிக்காஹ்வுக்கு வராத ஆள் நீ. மறந்தது நானா?

நூற்று நாற்பதாவது அடியில் ராடு சட்டென்று ஒரு முழம் இறங்கியது. உள்ளே பொந்து. அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டது. அதைப் பிடித்து வைத்த தகர டிரம்மில் மறுநாள் சுண்ணாம்பு படிந்திருந்தது. மலையிலிருந்து உன் ஊற்றுக்குப் போகிற வழியைத் துளைத்துவிட்டேனோ என்று அன்றைக்கே தோன்றியது.

இதை நாலு பேர் முன்னால் சொல்லச் சொல்லாதே. என் ரிக் முதலாளி தனபாலின் மைத்துனர்.

பாஷா


நாட்றம்பள்ளி
5.5.1997

அன்புள்ள பாஷா,

போன வாரம் தனபாலின் மோட்டார் எரிந்துபோய் நான்கு நாள் ஓடவில்லை. ஆறு மணி நேரத்தில் ஒரு குடம் நிறைந்த ஊற்றில் மூன்றாம் நாள் முக்கால் மணி நேரத்தில் நிறைந்தது. மோட்டார் ஓடியதும் மறுபடி சொட்டு.

பத்தொன்பதாம் தேதி திருப்பத்தூரில் இந்த போர்வெல் பற்றி சப்-கலெக்டர் விசாரணை. நான் அளந்து எழுதிய நோட்டைத் தள்ளிவிடுவார்கள். துளை போட்டவன் சொன்னால் தள்ள முடியாது. வரமாட்டேன் என்று எழுதாதே. வா.

சீனு


ஓசூர்
2.6.1997

சீனிவாசனுக்கு,

போர்வெல்லை மூடி சீல் வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்லது.

விசாரணையில் நான் சொல்லி முடித்ததும் தனபால் எழுந்து, "இன்னா பாஷா, எங்களுக்கே பேஜார் பண்றியா?" என்றார். "பாத்தத சொன்னேன் சார். மாத்திச் சொல்ல எனக்கு வராது" என்றேன். அது உனக்கும் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது. இங்கே வேறொரு ரிக்கில் ராடு தூக்குகிறேன்.

விசாரணை முடிந்து நீ வாசலில் ஆபீசர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தாய். நான் தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். "இனிமே இன்னா பண்ணுவே?" என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வாரமாகியும் கேட்கவில்லை.

சொன்னதற்கு வருத்தமில்லை. நாளைக்கு மேல்கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து அதையே சொல்வேன்.

நீ மட்டும் கொஞ்ச காலம் எனக்குக் கடிதம் போடாதே.

சர்தார் பாஷா