ஆடியில் வந்த ஆர்க்கிட் தொட்டி

காலையில் ஊசி போட வந்த நர்ஸ் என் கையில் பஞ்சால் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், கவரைப்பேட்டையில் நாம் குடியிருந்த வாடகை வீடும், பின்பக்கம் ஆர்க்கிட் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்த நீங்களும் கண்முன் வந்துவிட்டீர்கள்.

எழுபதுகளின் நடுவில் நமக்குக் கல்யாணம். ஃபாக்டரிக்குப் போவீர்கள், வருவீர்கள், சாப்பிடுவீர்கள். பேச்சு மட்டும் கிடையாது. என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். ஆடிக்கு ஆரணியில் அம்மா வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் ஊர் மாறிப்போன உங்கள் மேனேஜர் அந்தத் தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மண்ணே இல்லாமல் கரித்துண்டிலும் செங்கல் சில்லிலும் வேர் பிடித்து நிற்கிற செடி. ஒரு நாள் நீங்களாகவே என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மொட்டு வுடுது பாரு."

இலை இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் எறும்பு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

"மொட்டு இல்லீங்க, மாவுப்பூச்சி. எங்க ஊட்டுச் செம்பருத்தியில இதான் வரும்."

"பூச்சியா? நான் ஃபாக்டரி பூரா சொல்லிட்டு வந்துட்டேனே" என்று சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தோம். பழைய கரியைக் கொட்டிப் புதுசு போட்டோம். சோப்புத் தண்ணீர் தெளித்தோம். எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் கல்லை வைத்து, அதன்மேல் தொட்டியை வைத்தோம். முட்டை பொரித்து மறுபடி வருமே என்று ஞாயிறுதோறும் உட்கார்ந்தோம். கை வேலையில் இருக்கும்போது உங்களுக்குப் பேச்சு வந்தது. சின்ன வயசில் திக்குவாய் என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்ததைச் சொன்னீர்கள்.

"பேசினா சிரிப்பாங்கன்னு பேசாமயே இருந்துக்கினேன்."

ஆடி பிறக்கும் முன் அண்ணன் வந்து என்னை அழைத்துப்போனார். வாசலில் நின்று, "செடிய நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். அவ்வளவுதான். வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது.

அடுத்த ஞாயிறு, மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆரணி வந்து சேர்ந்தீர்கள். ஆடியில் மாப்பிள்ளை வந்து நிற்கிறாரே என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"பூச்சி திரும்ப வந்துடுச்சு போல. நீயே பாரு."

ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன். வேர்களை விலக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"இருக்குதா?" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

"நெறைய இருக்குது. ஞாயித்துக்கிழமையானா கொண்டாந்து காட்டுங்க" என்றேன்.

ஆவணி பிறந்ததும் நம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு நம் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். ஒன்றும் கேட்காமல், முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டி அவள் முன்னால் வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருவினேன். பாதிக் கீரை முடிவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.