முதலில் அடித்த பத்திரிகை

ஏனுங்க,

சாம்பார் பிரிட்ஜில் இருக்கிறது, சாதம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெண்பாவை ஐந்து மணிக்குள் டேகேரிலிருந்து கூட்டி வந்துவிடுங்கள்.

ஆறு மணிக்கு அந்த வாரிசு தேடும் கம்பெனிக்காரர் வருகிறார். யார் சொத்து என்று போனில் அவர் சொல்லவில்லை, அவருக்குப் பங்கு தருவதாகக் கையெழுத்துப் போட்டால்தான் சொல்வாராம். டெக்சாஸ் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அங்கே இருந்த எங்கள் சென்னியண்ணன் போய்விட்டார். அண்ணி முன்பே தவறிவிட்டார், பிள்ளையும் இல்லை, வாரிசு என்றால் நான்தான்.

உறவுக்கு ஆதாரம் கேட்டதும், “எங்க கல்யாணப் பத்திரிகையிலயே எல்லார் பேரும் இருக்கும்”னு குதித்தீர்களே, பத்திரிகை மேஜைமேல் இருக்கிறது. அதில் அண்ணன் பேர் இல்லை. வெள்ளைக்காரியைக் கட்டினவன் பேர் இருந்தால் தாலி கட்டமாட்டேன் என்று நீங்கள் சொல்லி, அப்பா இரண்டாம் தடவை அடித்தது அது. நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

பவளம்

பி.கு: அண்ணன் பேரோடு முதலில் அடித்ததில் ஒன்றைப் பதினோரு வருஷமாகக் கூறைப்புடவை மடிப்பில் வைத்திருந்தேன். இப்போது அது என் கைப்பையில். டாலஸ் கோர்ட்டில் நானே கொடுத்துக்கொள்கிறேன். இதே அமெரிக்காவில் இருந்தும் அண்ணன் வீட்டுக்கு இன்றுதான் முதல்முறை போகிறேன்.

இன்னொன்று. வந்தவர் அண்ணனைப் பற்றிக் கேட்டால் தடுமாற வேண்டாம். “பொண்ணுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லீங்க”னு மண்டப வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னீர்களே, அதையே இங்கிலீஷில் சொல்லிவிடுங்கள்.