வெள்ளையடித்த குளம்

2003 பெப்ரவரி 11

மூன்று மணித்தியாலம் பஸ்ஸில், மடியில் வெற்றுப் போத்தல்கள். பக்கத்தில் இருந்தவர் தேன் வாங்கவா என்று கேட்டார். நன்னீர்ச் சூழலியல், முதுகலை ஆராய்ச்சி என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ருவான்வெல்லை வரை திரும்பவேயில்லை.

எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரின் ஆசிட் தண்ணீர் முழுக்க எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே உள்ள குளத்தில்தான் விழுகிறது. அதில்தான் குளிப்பு, சமையல் எல்லாம். pH அளவு ஐந்துக்குக் கீழே இருக்கும் என்று சத்தியம் செய்திருப்பேன். மீட்டர் எட்டு என்கிறது. ஏழைத் தாண்டினால் புளிப்பே இல்லை என்று அர்த்தம். மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். எட்டுத்தான்.

மார்ச் 11

எட்டு புள்ளி இரண்டு. என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் ஸாஹிரா மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. பாசிதான் குளத்தைக் குணப்படுத்துகிறதாம், உலகமே படிக்க வேண்டிய விஷயமாம். நானும் ‘சுயசீரமைப்பு’ என்று பெயர் வைத்துப் பதினொரு பக்கம் எழுதினேன். என்ன ஒரு நடை! எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஏப்ரல் 8

குணமான குளத்தில் ஒரு மீன்கூட ஏன் இல்லை? பின்னிணைப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

மே 13

தோட்டத்து மானேஜர் துரை என் இடைக்கால அறிக்கையில் ஒரு பிரதி கேட்டார். அட்டை போட்டுக் கொடுத்தேன். அப்பாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை.

ஜூன் 15

றம்ஸான் நானா கடையிலிருந்து ஜீவராணி அண்ணி போன் பண்ணினார். லயத்துக்கு மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருந்தார்களாம். துரை என் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, “வதுர ஹொந்தாய் நே?” என்றாராம். தண்ணீர் நல்லதுதானே என்று. குழாய் கிடையாது.

“சின்னவனுக்குக் கால் பூரா சொறி. நீ படிச்சது எங்களுக்குத்தானா வெனையா வரணும்?”

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 16

நாளைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தேன். மனசு கேட்காமல் இன்றே போய் இறங்கினேன்.

குளக்கரையில் அப்பா. கையில் சுண்ணாம்படிக்கும் மட்டை, பக்கத்தில் வாளி. கம்பெனியின் விசிட்டிங் ஏஜன்ட், அந்த வி.ஏ. துரை, பார்வையிட வந்தால் ஸ்டோர்ச் சுவருக்கு அடிப்பதுபோல, கரைக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். மிச்சச் சுண்ணாம்பை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தார். எட்டு புள்ளி இரண்டு! என் பதினொரு பக்கம்!

“என்னாப்பா பண்றீங்க?”

“கேம்பஸ்லருந்து ஆள் வருதுல்ல? குளத்த அப்பிடியே காட்ட முடியுமா? ஒவ்வொரு தடவையும் மூணு சாக்கு போட்டா நல்லா தெளிஞ்சிரும்மா.”

“அந்த ஆளே நான்தானேப்பா!”

“அதுக்குத்தான்.”

கத்தினேன். கண்டபடி கத்தினேன். அவர் வாளியைக் கழுவி வைத்துவிட்டு, “தப்பாம்மா?” என்றார். பாசியாம், சுயசீரமைப்பாம்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஜூன் 20

‘வெளிக்காரணி’ என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டால் போதும் என்கிறார் மேடம். மாட்டேன் என்றேன். நாலு மாச வேலை போச்சு, முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஜூலை 9

சொல்லாமல் போய் எடுத்தேன். நாலு புள்ளி எட்டு. என் அறிக்கை பிழை, சுண்ணாம்பு எப்படி அமிலத்தை மறைத்தது என்று துரைக்கும் கொழும்பிலுள்ள வி.ஏ.வுக்கும் இரண்டு பக்கம் தெளிவாக எழுதி அனுப்பினேன். அடியில் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

ஓகஸ்ட் 5

குளத்தைப் பார்க்க வி.ஏ. நாளைக்கு வருகிறார். துரை இன்றைக்கே ஆறு சாக்குச் சுண்ணாம்பு அனுப்பி, அப்பாவிடம் “ஐயாவு, வழக்கம்போல செஞ்சிரு” என்றாராம். சுண்ணாம்பு அமிலத்தை மறைக்கும் என்று அவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்த எனக்கு இது வேண்டும்.

ஓகஸ்ட் 6

ஆறு சாக்கையும் அப்பா அவிழ்க்கவேயில்லை. குளக்கரையில் வரிசையாக அடுக்கி, மேலே வெள்ளைத் துணி விரித்து, வி.ஏ.வை உட்காரச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார். துரை நின்றுகொண்டிருந்தார்.

மீட்டரை அப்பாதான் தண்ணீரில் விட்டார். நாலு புள்ளி ஆறு.